மழையும் மண்ணும் மனிதக் கரங்களும்: ஜென்னே பெரிய பள்ளிவாசலின் வரலாறு



எமது மதரஸாவில் மாலை வகுப்பு மாணவர்களுக்கு இஸ்லாமிய வரலாறு நடத்துகையில், உலகின் புகழ்பெற்ற பள்ளிவாசல்களின் படங்களைக் காட்டுவது எனது வழக்கம். கொர்தோபாவின் சிவப்பும் வெண்மையுமான வளைவுகளையும், இஸ்தான்பூலின் வானளாவிய குவிமாடங்களையும், இஸ்ஃபஹானின் நீல ஓடுகளையும் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள். அடுத்து வந்த படத்தைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. மண்ணின் நிறத்தில் ஒரு பெருங்கட்டடம்; அதன் சுவர்களெங்கும் முட்களைப் போலக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஹஸ்ரத், இது முழுவதும் மண்ணா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம் என்றேன்.

"அப்படியானால் மழை பெய்தால் கரைந்துவிடாதா?"

"கரையும்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. "பிறகு எப்படி ஹஸ்ரத் இன்னும் நிற்கிறது?" என்றான்.

அந்தக் கேள்விக்கு வகுப்பில் முழுமையாக விடையளிக்க நேரம் போதவில்லை. அதற்கான விடையே இக்கட்டுரை.

ஆறுகள் சூழ்ந்த ஊர்

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்னும் நாடு உள்ளது. அதன் வடபகுதி சஹாராப் பாலைவனம். தென்பகுதி பசுமை நிலம். இவ்விரண்டையும் இணைத்து ஓடுகிறது நைஜர் என்னும் பேராறு. அதன் துணையாறு பானி. இவ்வாறுகள் ஆண்டுதோறும் பெருக்கெடுத்துப் பரந்த சமவெளியை நீரால் நிரப்புகின்றன. அச்சமவெளியில் சற்றே உயர்ந்த மேட்டில் அமைந்த நகரமே ஜென்னே. வெள்ளக் காலத்தில் அவ்வூர் ஒரு தீவாகிவிடும்.

இந்நகரத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் ஜென்னே ஜெனோ எனப்படும் ஒரு பழைய ஊரின் மேடு உள்ளது. 1977ஆம் ஆண்டு ரோடரிக் மெக்கின்டாஷ், சூசன் மெக்கின்டாஷ் என்னும் தொல்லியல் அறிஞர்கள் அங்கே அகழாய்வு செய்தனர். கி.மு. 250ஆம் ஆண்டளவிலேயே மக்கள் அங்குக் குடியேறிவிட்டனர் என்பதும், இரும்பை உருக்கி, நெல் விளைவித்து, தொலைவிடங்களோடு வாணிபம் செய்து வாழ்ந்தனர் என்பதும் அதனால் தெரியவந்தன. வடக்கிலிருந்து அரபு வணிகர்கள் வந்த பின்னரே இந்த மண்ணில் நகரங்கள் தோன்றின என்று முன்பு பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் தவறென்று அந்த மேடு மெய்ப்பித்தது.

இஸ்லாம் அங்கே வாளோடு சென்றடையவில்லை. பாலைவனத்தைக் கடந்து வந்த வணிகர்களின் நாணயத்தோடும், அவர்களுடன் வந்த ஆலிம்களின் ஓதுதலோடும் சென்றது. வடக்கே தகாஸாவின் சுரங்கங்களில் வெட்டப்பட்ட உப்புப் பாளங்களும், தெற்கே காட்டுப் பகுதிகளிலிருந்து வந்த பொன்னும் ஜென்னேயின் சந்தையில் சந்தித்துக்கொண்டன. திம்புக்துவைப் பற்றி நம்மில் பலர் கேள்வியுற்றிருப்போம். அந்நகருக்கு வணிகக் கூட்டங்கள் நாற்றிசையிலிருந்தும் வந்ததற்கே ஜென்னேதான் காரணம் என்று 17ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஅதீ தமது 'தாரீகுஸ் ஸூதான்' என்னும் நூலில் குறிப்பிடுகிறார். அவர் ஜென்னேயில் இமாமாகப் பணியாற்றியவர்.

அரண்மனையைத் தந்த அரசர்

ஜென்னேயின் முதற்பள்ளி எழுந்த வரலாற்றையும் அவரே பதிவு செய்துள்ளார். அந்நகரை ஆண்ட கோய் கொன்போரோ என்னும் அரசர் இஸ்லாத்தைத் தழுவ எண்ணியபோது, தமது ஆட்சிப் பகுதியிலிருந்த ஆலிம்கள் அனைவரையும் ஒன்றுகூட்டினார். அவர்களின் எண்ணிக்கை 4,200 என்கிறார் அஸ்ஸஅதீ. அவர்கள் முன்னிலையில் இஸ்லாத்தை ஏற்ற அரசர், இந்த ஊருக்காக மூன்று துஆக்களைக் கேட்கும்படி அவர்களை வேண்டிக்கொண்டார்.

வறுமைக்கும் துன்பத்திற்கும் அஞ்சித் தம் ஊரைவிட்டு இங்கே வருவோருக்கு, பிறந்த மண்ணை மறக்குமளவு வளமான வாழ்வை அல்லாஹ் தரவேண்டும் என்பது முதலாவது துஆ. ஊர்க்காரர்களைவிட வெளியூரார் இங்கே மிகுதியாக வாழவேண்டும் என்பது இரண்டாவது. சரக்குகளோடு வரும் வணிகர்கள் நெடுநாள் காத்திருக்கப் பொறுமையின்றி விரைவில் விற்றுச் செல்லவேண்டும், அதனால் இவ்வூர் மக்கள் இலாபம் அடையவேண்டும் என்பது மூன்றாவது.

மூன்றாவது துஆவைப் படிக்கும்போது நமக்குப் புன்னகை வரலாம். ஒரு வணிக நகரத்து அரசரின் மனம் அதில் தெரிகிறது. ஆனால் முதலிரண்டையும் சற்று நின்று சிந்திக்கவேண்டும். தம் ஊரில் அந்நியர் பெருகிவிடக் கூடாதென்று அஞ்சும் உலகில், அந்நியர் பெருகவேண்டுமென்று துஆச் செய்யச் சொன்ன ஓர் அரசர் அவர்.

பின்னர் அவர் தமது அரண்மனையை இடித்து, அந்த இடத்திலேயே பள்ளிவாசலை எழுப்பினார். தமக்கு வேறொரு மாளிகையைப் பள்ளியின் கிழக்குப் புறத்தில் கட்டிக்கொண்டார். இது 13ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்திருக்கலாம் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது.

கல் இல்லாத நாட்டில்

ஜென்னேயைச் சுற்றியுள்ள சமவெளியில் கட்டடத்துக்கு ஏற்ற கல் கிடைப்பதரிது. பெருமரங்களும் குறைவு. அங்கே அல்லாஹ் தாராளமாக வழங்கியிருப்பது ஆற்று வண்டல், வெயில், பனைமரம், நெல் உமி ஆகியவற்றையே. அவற்றைக் கொண்டே அம்மக்கள் தம் கலையை வளர்த்தனர்.

வெயிலில் உலர்த்திய மண்கட்டிகளுக்கு அவர்கள் 'ஃபெரே' என்று பெயரிட்டுள்ளனர். பழங்காலத்தில் அவை கையால் உருட்டிய உருளை வடிவிலிருந்தன. அச்சில் வார்த்த நீள்சதுரக் கட்டிகள் பின்னர்தான் வந்தன. இக்கட்டிகளை மண்சாந்தால் ஒட்டி, மேலே 'பாங்கோ' என்னும் பூச்சைப் பூசுகின்றனர். மண்ணோடு நெல் உமியைக் கலந்து, நீரூற்றிப் பல நாள் ஊறவைத்துப் புளிக்கச் செய்தால் அப்பூச்சு பதத்துக்கு வரும்.

பள்ளியின் சுவர்கள் ஏறத்தாழ 40 முதல் 60 சென்டிமீட்டர் வரை தடிமனுடையவை. பகலின் வெப்பத்தை அவை மெல்ல உள்வாங்கிக்கொள்கின்றன. இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தொழுவோருக்குத் தண்மை இருக்கும். கூரையில் சிறு துளைகளை விட்டு, சுட்ட மண் மூடிகளால் அவற்றை மூடி வைத்துள்ளனர். மூடிகளை எடுத்தால் உள்ளிருக்கும் வெப்பக் காற்று மேலேறி வெளியேறும்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகளைப் பற்றியே என் மாணவர்கள் அதிகம் கேட்டனர். அவை பனங்கட்டைகளின் கொத்துகள். 'டோரோன்' என்று பெயர். அவை சுவருக்கு அழகு தருகின்றன. அத்துடன், ஒவ்வோராண்டும் சுவரைப் பூசுவோர் ஏறி நிற்பதற்கான நிலையான சாரமும் அவையே. கட்டும்போதே, இதை மீண்டும் மீண்டும் பூசவேண்டியிருக்கும் என்று அறிந்து, அதற்கான படிகளையும் சுவரிலேயே வைத்துவிட்டனர்.

பள்ளி ஏறத்தாழ 75 மீட்டர் நீளமும் 75 மீட்டர் அகலமும் உடைய ஒரு மேடையின்மீது நிற்கிறது. அம்மேடை சந்தை வெளியிலிருந்து 3 மீட்டர் உயரமுடையது. வெள்ளம் வந்தாலும் இறையில்லத்தைத் தொடாது. தொழுகைக் கூடம் சுமார் 50 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் கூரையை 90 பருத்த மண்தூண்கள் தாங்குகின்றன. வெளிச்சம் குறைந்த அந்தத் தூண்களின் காட்டில், மணல் பரப்பிய தரையில் அணியணியாக நின்று மக்கள் தொழுகின்றனர். கூடத்தின் பின்னே திறந்த முற்றமும் அதனை மூன்று புறமும் சூழ்ந்த தாழ்வாரங்களும் உள்ளன. மேற்குத் தாழ்வாரம் பெண்களுக்கானது.

நமக்குக் கஅபா மேற்கே உள்ளது, அவர்களுக்கோ கிழக்கே. ஆகவே அங்குக் கிப்லாச் சுவர் கிழக்கில் அமைந்துள்ளது. படங்களில் நாம் காணும், மூன்று பெருங்கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கும் முகப்பு அந்தக் கிப்லாச் சுவரின் வெளிப்புறமே. நடுக்கோபுரம் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுடையது. கோபுரங்களின் உச்சிக் கூம்புகளில் தீக்கோழி முட்டைகள் பொருத்தப்பட்டுள்ளன. தூய்மைக்கும் வளத்துக்கும் அடையாளமாக அவற்றை அம்மக்கள் கருதுகின்றனர். அச்சுவரின் முன்னேயுள்ள வெளியில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சந்தை கூடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் கிப்லாச் சுவரின் நிழலில் தராசு பிடிக்கின்றனர்.

மழை இடித்த பள்ளி

இன்று நிற்பது அரசர் கோய் கொன்போரோ கட்டிய அதே கட்டடமன்று. இங்கேதான் இவ்வரலாறு நமக்குப் பாடமாகிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்கு அஹ்மத் லொப்போ என்னும் ஃபுலானி இன ஆலிம் ஒரு சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கினார். மக்களின் நடைமுறைகளில் கலந்துவிட்ட பிழைகளைக் களைந்து தூய மார்க்கத்தை நிலைநாட்டுவதே தமது நோக்கம் என்றார். மாஸினா என்னும் அரசை நிறுவி, அதன் தலைநகருக்கு ஹம்துல்லாஹி என்று பெயர் சூட்டினார். ஜென்னேயும் அவர் வசமாயிற்று. ஆனால் அதன் பெரிய பள்ளிவாசல் அவருக்கு உவப்பாயில்லை. அதன் உயரமும் அலங்காரமும் இறையச்சத்துக்குப் பொருந்தா என்று அவர் கருதினார்.

பள்ளியை இடிக்கும்படி அவர் ஆணையிடவில்லை. அதைப் பேணுவதை நிறுத்திவிட்டார். கூரையின் நீர்வடிகால்கள் அடைக்கப்பட்டன என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. எஞ்சிய வேலையை மழை செய்துமுடித்தது.

1828ஆம் ஆண்டு ரெனே காயே என்னும் பிரெஞ்சுப் பயணி முஸ்லிம் வேடம் பூண்டு ஜென்னேக்கு வந்தார். ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் பள்ளிக்குள் கூடுகட்டியிருந்ததையும், அதனால் எழுந்த நாற்றத்தைத் தாங்கவியலாமல் மக்கள் வெளிமுற்றத்தில் தொழுததையும் அவர் எழுதிவைத்தார். 1834 முதல் 1836 வரையிலான காலத்தில் செய்கு அஹ்மத், பழைய அரண்மனை நின்ற இடத்தில் புதிய பள்ளியொன்றைக் கட்டினார். அது கோபுரமும் அலங்காரமும் இன்றி எளிமையாக இருந்தது.

செய்கு அஹ்மதை எளிதில் பழித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் எழுப்பிய கேள்வி பொய்யான கேள்வியன்று. மதீனாவின் முதற்பள்ளியை நினைத்துப் பாருங்கள். அதுவும் மண்கட்டியால் ஆனதே. பேரீச்ச மரத்தின் தண்டுகளே தூண்கள்; அதன் ஓலைகளே கூரை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாமே தோழர்களோடு சேர்ந்து கட்டிகளைச் சுமந்தார்கள். ஏனையோர் ஒவ்வொன்றாகச் சுமந்தபோது அம்மார் (ரலி) அவர்கள் இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அக்கட்டடத்தில் எதையும் கூட்டவில்லை. உமர் (ரலி) அவர்கள் விரிவுபடுத்தியபோதும் அதே பொருள்களைக் கொண்டே கட்டினார்கள். மக்களை மழையிலிருந்து காப்பதே நோக்கமாக இருக்கட்டும், நிறங்களால் தொழுவோரின் கவனத்தைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கட்டுவோரை எச்சரித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில்தான் செதுக்கிய கற்களும் தேக்குக் கூரையும் வந்தன. அவ்வேளையில் சிலர் முணுமுணுத்தனர் என்பதையும் ஹதீஸ் நூல்கள் மறைக்கவில்லை.

ஆக, இறையில்லத்தில் எளிமை எதுவரை, அழகு எதுவரை என்னும் கேள்வி நம் மார்க்கத்தின் முதல் தலைமுறையிலேயே எழுந்தது. நேர்மையான உள்ளங்கள் இரு பக்கமும் நின்றன. ஆயினும், தலைமுறை தலைமுறையாக ஸஜ்தாச் செய்யப்பட்ட ஓர் இடத்தைக் குருவிகளுக்கு விட்டுவிடுவது எந்தப் பக்கத்து நேர்மைக்கும் அழகன்று என்பதே எனது தாழ்மையான கருத்து. எளிமையை விரும்பியவர் கோபுரத்தைக் குறைத்திருக்கலாம், கூரையைக் காத்திருக்கலாம்.

மீண்டும் எழுந்தது

1893ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை ஜென்னேயைக் கைப்பற்றியது. அடிமைப்பட்ட அந்தக் காலத்திலும் மக்கள் தம் பழைய பள்ளியை மறக்கவில்லை. 1906, 1907ஆம் ஆண்டுகளில், பிரெஞ்சு நிர்வாகத்தின் இசைவோடு, பழைய பள்ளி நின்ற அதே இடத்தில் புதிய பள்ளி எழுந்தது. அப்பணிக்குத் தலைமையேற்றவர் ஜென்னேயின் கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரே. செய்கு அஹ்மத் பள்ளி கட்டிய இடத்தில் ஒரு மதரஸா எழுப்பப்பட்டது.

இக்கட்டடத்தின் வடிவம் பிரெஞ்சுக்காரர் தந்ததே என்று சிலர் எழுதியதுண்டு. மண்ணைக் கையாளத் தெரிந்தவர் எவர், மழையை அறிந்தவர் எவர் என்று எண்ணிப் பார்த்தாலே அக்கூற்றின் வலுவின்மை புலப்படும். அக்கலை இஸ்மாயிலாவும் அவருடைய சங்கத்தாரும் தந்தையரிடமிருந்து பெற்றது. அச்சங்கத்துக்கு 'பரே தோன்' என்று பெயர். ஒரு சிறுவன் மூத்த கொத்தனாரிடம் பல ஆண்டுகள் மண்ணைக் குழைத்தும் கட்டிகளைச் சுமந்தும் பணியாற்றிய பின்னரே கரண்டியைக் கையில் பிடிக்கிறான். இந்தக் குடும்பத்தின் வீட்டை இந்தக் கொத்தனார் வழியினரே பேணவேண்டும் என்னும் உறவும் அங்கே தலைமுறைகளாகத் தொடர்கிறது.

ஊரே பூசும் நாள்

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். மழை ஒவ்வோராண்டும் அந்தப் பள்ளியைக் கொஞ்சம் கரைக்கிறது. மக்கள் ஒவ்வோராண்டும் அதனைப் பூசுகின்றனர். அதனாலேயே நிற்கிறது.

மழைக்காலம் தொடங்குமுன், பெரும்பாலும் ஏப்ரல் மாத அளவில், ஊரார் நாள் குறிக்கின்றனர். அதற்குப் பல நாள்களுக்கு முன்பே குழிகளில் மண்ணும் உமியும் ஊறுகின்றன. கலவையைக் கிளறவேண்டுமல்லவா? அதற்குச் சிறுவர்கள் குழிகளில் இறங்கி விளையாடுகின்றனர். விளையாட்டே வேலையாகிறது. குறித்த நாளில் இளைஞர்கள் கூடைகளில் சாந்தை ஏந்திக்கொண்டு ஓடுகின்றனர். முதலில் பள்ளிக்குக் கொண்டுசேர்ப்பவர் யார் என்பதில் பெரும் போட்டி. பெண்களும் சிறுமியரும் தலைகளில் நீர் சுமந்து வருகின்றனர். கொத்தனார்கள் ஏணிகளிலும் டோரோன் கட்டைகளிலும் ஏறி வெறுங்கையால் சுவரைத் தடவிப் பூசுகின்றனர். முன்பு பலமுறை இப்பணியைச் செய்து முடித்த முதியவர்கள் சந்தை வெளியில் மதிப்புக்குரிய இடத்தில் அமர்ந்து மேற்பார்வையிடுகின்றனர்.

இதில் வேலையற்றவர் என்று ஒருவருமில்லை. ஐந்து வயதுப் பிள்ளையின் காலடியும் அந்தச் சாந்தில் இருக்கிறது. முதியவரின் அறிவுரையும் இருக்கிறது. அந்தப் பள்ளியைப் பார்க்கும் ஒவ்வொருவரும் 'இதில் என் கை பட்டிருக்கிறது' என்று சொல்லலாம்.

அத்தவ்பா அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தில், அல்லாஹ்வின் பள்ளிகளைப் பராமரிப்போர் யார் என்று இறைவன் கூறுகிறான். அங்கே வரும் அரபுச் சொல்லின் வேர் 'இமாரா' என்பதாகும். கட்டுதல், பேணுதல், வணக்கத்தால் நிரப்புதல் ஆகிய மூன்று பொருளையும் விரிவுரையாளர்கள் அதற்குக் கூறுவர். கட்டுவது ஒருமுறை நிகழ்வது. பேணுவதும் நிரப்புவதும் முடிவற்றவை. ஜென்னே மக்களின் மண் அவர்களுக்கு இம்மூன்றையும் பிரிக்கவொண்ணாதபடி ஆக்கிவிட்டது.

புகழ் கொண்டுவந்த சோதனை

1988ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஜென்னேயின் பழைய நகரங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாலி நாட்டின் அரசு முத்திரையிலும் இப்பள்ளியின் உருவம் இடம்பெற்றுள்ளது. புகழோடு சோதனையும் வந்தது. 1996ஆம் ஆண்டு ஓர் அயல்நாட்டு இதழுக்காகப் பள்ளிக்குள்ளேயே ஆடை அலங்காரப் படப்பிடிப்பு நடந்தது. அந்தப் படங்கள் மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தின. அதன்பின் முஸ்லிமல்லாத பார்வையாளர்கள் உள்ளே செல்வது தடை செய்யப்பட்டது.

வீடுகளிலும் சிக்கல் எழுந்தது. பாரம்பரிய நகரம் என்பதால் மண்வீடுகளை விருப்பப்படி மாற்றியமைக்க முடியாது. ஆண்டுதோறும் பூசுவதற்கு ஆளும் பொருளும் வேண்டும். படமெடுப்பவர்கள் சென்றுவிடுவார்கள், ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர்கள் நாங்களல்லவா என்று சிலர் கேட்டனர். நியாயமான கேள்வி. பிறருடைய ஏழ்மையை அழகென்று தொலைவிலிருந்து பாராட்டுவது எளிது.

2006ஆம் ஆண்டு, ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையின் சீரமைப்புத் திட்டத்துக்காகப் பணியாளர்கள் பள்ளியின் கூரையில் ஏறி ஆய்வு செய்துகொண்டிருந்தனர். எங்கள் பள்ளியில் எங்களைக் கேளாமல் என்ன நடக்கிறது என்னும் ஐயம் பரவிக் கலவரமாக வெடித்தது. அலுவலகமும் ஊர்ப் பெரியோரின் உடைமைகளும் தாக்கப்பட்டன. ஓர் உயிரும் போயிற்று. வன்முறையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு ஜமாஅத்தின் பள்ளியில் அந்த ஜமாஅத்தைக் கலக்காமல் நடப்பது நற்பணியாகவே இருந்தாலும், அது பகையை விளைவிக்கும் என்பதை அந்த நாள் காட்டியது.

ஆய்வின் தேவையோ உண்மையானதே. ஆண்டாண்டாய்ப் பூச்சின்மேல் பூச்சு சேர்ந்து சுவர்களும் கூரையும் கனத்துவிட்டன. 2009ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கிப்லாச் சுவரின் தென்கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது. அறக்கட்டளை பொருளுதவி செய்தது. கோபுரம் மீண்டும் எழுந்தது. அன்பு மட்டுமே பராமரிப்பாகிவிடாது, அதற்கு அறிவும் வேண்டும். பழைய சுமையை இறக்காமல் புதியதைச் சுமத்திக்கொண்டே போனால் சுவர் தாங்காது.

2012ஆம் ஆண்டு முதல் மாலி உள்நாட்டுப் போரிலும் பாதுகாப்பின்மையிலும் துன்புறுகிறது. 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஜென்னேயை ஆபத்துக்குள்ளான பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பயணிகள் வருவது பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் மக்கள் பள்ளியைப் பூசுவதைக் கைவிடவில்லை. பார்வையாளருக்காகச் செய்த பணியாயிருந்தால் பார்வையாளரோடு நின்றுபோயிருக்கும்.

நம் கைகள்

இவ்விடத்தில் என் சிறுவயது நினைவொன்றைச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் மஹல்லாவில் ஷஅபான் மாதம் பிறந்ததும் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தொட்டியில் நீறும் சுண்ணாம்பு கொதிப்பதை நாங்கள் எட்ட நின்று பார்ப்போம். பெரியவர்கள் மட்டையால் சுவருக்கு அடிப்பார்கள். சிறுவர்களாகிய நாங்கள் வாளி சுமப்போம், பாய்களைத் துவைப்போம், ஹவுளைக் கழுவுவோம். வீடுகளிலிருந்து பெண்கள் தேநீர் அனுப்புவார்கள். ரமலான் முதல் இரவில் தராவீஹ் தொழ நிற்கும்போது அந்தச் சுண்ணாம்பின் வாசனை வரும். 'அந்தத் தூணுக்கு நான்தான் வாளி பிடித்தேன்' என்று மனம் மகிழும்.

இன்று எங்கள் பள்ளியில் பளிங்குத் தரை உள்ளது. பல ஆண்டு தாங்கும் வண்ணம் பூசப்பட்டுள்ளது. அல்ஹம்துலில்லாஹ், வசதி வந்தது, அதில் குறையொன்றுமில்லை. வேலைகளை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்கிறார். நாம் சந்தா செலுத்துகிறோம். ஆனால் இன்றைய என் மாணவர்களில் எத்தனை பேருடைய கை அந்தச் சுவரில் பட்டிருக்கும் என்று எண்ணும்போது உள்ளம் கலங்குகிறது. தொழுது முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடும் இடமாகப் பள்ளி அவர்களுக்கு ஆகிவிடுமோ என்னும் அச்சம் எனக்கு உண்டு.

மண்பள்ளிக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவரவில்லை. நம் நாட்டு மழையும் மண்ணும் வேறு. ஜென்னே மக்களிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது கட்டுமான முறையையன்று; ஆண்டுக்கொருநாள் ஊரே ஒன்றுகூடி, சிறியோரும் பெரியோரும் ஆண்களும் பெண்களும் தமக்குரிய பங்கை ஆற்றும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். பாய் உதறுவதும் புத்தக அலமாரியைத் துடைப்பதும் கபரஸ்தானின் முட்செடிகளை வெட்டுவதும் எந்தக் காலத்திலும் இருக்கும் வேலைகளே.

படத்தைக் காட்டிய வகுப்புக்கு மறுவாரம், கேள்வி கேட்ட அதே மாணவன் என்னிடம் வந்தான். "ஹஸ்ரத், இந்த ஷஅபானில் நம் பள்ளியின் ஹவுளை நாங்களே கழுவலாமா? முத்தவல்லியிடம் நீங்கள் கேட்பீர்களா?" என்றான். கேட்டேன். அவர் சற்று யோசித்து, "வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இசைவளித்தார். இன்ஷா அல்லாஹ், வரும் ஷஅபானின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் வேலை தொடங்கும்.

இறையில்லங்களைக் கட்டுவோராகவும், பேணுவோராகவும், வணக்கத்தால் நிரப்புவோராகவும் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியையும் ஆக்கியருள்வானாக. ஜென்னே மக்களுக்கும் துன்புறும் மாலி நாட்டு மக்களுக்கும் அமைதியையும் பாதுகாப்பையும் வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.